ஏறத் தெரிந்தவருக்கு மறுபயிற்சி எதற்கு?

"முப்பது வருஷமாக மரம் ஏறுகிறவனுக்கு மரம் ஏறச் சொல்லிக் கொடுக்க வருகிறார்களாம்!"

அந்தமானில் தேங்காய் பறிக்கவும், கிளை கழிக்கவும், சாய்ந்த மரம் அறுக்கவும் போகிற ஒரு பழைய கையிடம் பயிற்சி, சான்றிதழ், புதுப்பித்தல் என்று பேச்செடுத்தால் இப்படித்தான் பதில் வரும். சிரித்துக்கொண்டு சொல்பவரும் உண்டு, முகம் சிவந்து சொல்பவரும் உண்டு. இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. பத்து வயதில் தகப்பனார் பின்னால் தோப்புக்குப் போய், தளைநாரைக் காலில் மாட்டி, விழுந்து எழுந்து கற்றுக்கொண்ட வித்தை அது. சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் கரும்பலகையில் படம் போட்டு அதை விளக்க வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனாலும் அனுபவசாலிக்கு மறுபயிற்சி தேவையா என்ற கேள்வியை இந்தச் சிரிப்போடு முடித்துவிட முடியாது. அதில் ஓர் உயிரும், ஒரு குடும்பத்தின் அடுப்பும், இழப்பீடு கேட்டு எழுதும் மனுவும் அடங்கியிருக்கின்றன.

இத்தீவுகளின் கதையே மரத்தின் கதைதான். சாத்தம் மர அறுவை ஆலை 1883-இல் தோன்றியது. காடு வெட்ட 1918 முதல் ராஞ்சிப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் கொண்டுவரப்பட்டு மாயாபந்தர் பக்கம் குடியமர்ந்தார்கள். தமிழர்கள் துறைமுகத்துக்கும் கட்டட வேலைக்கும் தோட்டத்துக்கும் வந்தார்கள். இலங்கையிலிருந்து திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் கச்சாலில் ரப்பர் பால்வெட்டப் போனார்கள். படாக்கும் குர்ஜனும் விழுந்த அந்த நாட்களில் தொழில் கற்கப் பள்ளிக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. கோஷ்டியே பள்ளிக்கூடமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் கயிறு பிடிப்பான், தண்ணீர் சுமப்பான், மரம் எந்தப் பக்கம் சாயும் என்று மேஸ்திரி அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கோடரி அவன் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும்.

2002-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. காட்டுக்கு அது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் யாரும் அதிகம் கவனிக்காத ஒன்றும் கூடவே நடந்தது. பெரிய கோஷ்டிகள் கலைந்தன, அவற்றோடு அந்தப் பள்ளிக்கூடமும் போயிற்று. இப்போது மரவேலை என்பது தோப்பில் தேங்காய்ப் பறி, மின்கம்பிக்கு மேல் வளர்ந்த கிளை, வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்கும் மரம், புயலுக்குப்பின் சாலையை மறித்துக் கிடக்கும் மரம் என்று துண்டு துண்டாகிவிட்டது. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் போகிறார்கள். ஒருவர் செய்வதைப் பார்த்துத் திருத்த இன்னொரு மூத்தவர் அங்கே இருப்பதில்லை. முப்பது வருஷ அனுபவம் உள்ளவரும் தம் தவறைத் தாமே கண்டுகொண்டால்தான் உண்டு.

அந்தக் கோஷ்டியின் இடத்தைத்தான் இப்போது சான்றிதழ் பிடிக்கப் பார்க்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 ஆகஸ்டில் கேரளத்தில் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி. முடித்தவருக்கு ஏறுகருவி ஒன்று இலவசம். கருவியில் ஏறுவது மட்டுமல்லாமல் பூச்சி, நோய், முதலுதவி ஆகியவையும் பாடத்தில் உண்டு. ஏற ஆளில்லாமல் காய் முற்றி உதிர்ந்த தோப்புகளுக்காக வேலையற்ற இளைஞர்களை உருவாக்குவதே நோக்கம். நல்ல திட்டம். ஆனால் அது புதியவரை மனத்தில் வைத்துப் பிறந்தது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பவர் அந்த வகுப்பில் உட்கார்ந்தால் ஐந்து நாள் கொட்டாவிதான் விடுவார். அவருக்குத் தேவையான ஒரு நாள் பாடம் அதற்குள் எங்கேயோ புதைந்து கிடக்கும்.

புதிய கருவி, புதிய ஆபத்து

அது என்ன பாடம்? மரம் ஏறுவது நிச்சயமாக இல்லை.

தளைநாரில் ஏறிப் பழகியவரின் அனுபவம் முழுவதும் தளைநாரில்தான். கண்ணூர் பக்கத்துச் செம்பேரி ஜோசப் உருவாக்கிய நின்றபடி ஏறும் கருவியையோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உட்கார்ந்தபடி ஏறும் கருவியையோ கையில் கொடுத்தால், முதல் வாரம் அவரும் பதினெட்டு வயதுப் பையனும் ஒன்றுதான். சொல்லப்போனால் பையனைவிட அவருக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் அவருக்குப் பயம் இல்லை. பாதுகாப்புப் பட்டையை மாட்ட ஒரு நிமிஷம் ஆகும், அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க அவருக்குத் தைரியம் இருக்கிறது.

அந்தப் பட்டையும் புது ஆபத்து ஒன்றைக் கொண்டுவருகிறது. பட்டை போட்டவர் தவறினால் தரையில் விழமாட்டார், அந்தரத்தில் தொங்குவார். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கிச் சில நிமிஷங்களில் மயக்கம் வரும், சீக்கிரம் இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. தளைநாரில் ஏறியவர் வாழ்நாளில் ஒருமுறைகூட இதைச் சந்தித்திருக்க வழியில்லை. நடந்ததைத்தான் அனுபவம் கற்றுத்தரும். இன்னும் நடக்காததை அது எப்படிச் சொல்லும்?

ரம்பமும் அப்படியே. கைரம்பத்தில் முப்பது வருஷம் அறுத்தவருக்கு மரத்தின் குணம் தெரியும், ஆனால் மோட்டார்ச் சங்கிலி ரம்பத்தின் குணம் தெரியாது. பட்டையின் மேல்நுனி கட்டையில் இடித்தால் அது அறுப்பவரின் முகத்தை நோக்கித் திரும்பித் துள்ளும், கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. கைரம்பம் ஒருநாளும் எதிர்த்து வந்ததில்லை.

மரமும் மாறுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிக்கோபார் தீவுகளில் உப்புநீர் நின்று பட்டுப்போன தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பச்சை மரத்தின் மட்டையைப் பிடித்துத் தொங்கலாம், பட்ட மரத்தின் மட்டையை நம்ப முடியாது. சிவப்புக் கூன்வண்டு துளைத்த மரம் வெளியே கம்பீரமாக நிற்கும், உள்ளே நாராகிப் போயிருக்கும். அடிமரத்தில் சின்னத் துளையும் அதிலிருந்து வழியும் பழுப்பு நீரும்தான் அடையாளம். அதைக் கண்டால் ஏறக்கூடாது. இது பூச்சிமருந்து அடிப்பவருக்கு மட்டும் உரிய பாடம் என்று எண்ணுவது பெரும்பிழை.

கீழே நிற்பவர்

இன்னொரு விஷயம் உண்டு. யார் பயிற்சி எடுக்கவேண்டும் என்று கேட்டால் எல்லோரும் மரத்தின் உச்சியைப் பார்க்கிறார்கள். அடியில் நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை.

பிரிட்டனில் மரத்தில் ஏறிக் கிளை அறுக்கும் தொழிலில் ஒருவர் தனியாக ஏறக்கூடாது என்பது நடைமுறை. மேலே இருப்பவர் சிக்கிக்கொண்டால் ஏறி இறக்கிவிடத் தெரிந்த ஒருவர், அதற்கான கருவியோடு கீழே தயாராக நிற்கவேண்டும். இங்கே கீழே நிற்பவர் யார்? தேங்காய் பொறுக்கும் தம்பி, அல்லது ஏறுபவரின் மனைவி, அல்லது சாக்குப் பையோடு தோட்டக்காரர். மேலே கதண்டு கொட்டியோ, தலை சுற்றியோ ஒருவர் தொங்கினால் இவர்களால் கூச்சல்தான் போட முடியும்.

விழுந்தபின் நடப்பதும் தெரிந்ததே. நாலு பேர் ஓடிவருவார்கள். கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்குவார்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஜீப்பில் மடக்கி உட்கார வைப்பார்கள். அன்பினால் செய்வதுதான். முதுகெலும்பில் அடிபட்டவருக்கு அந்த அன்பே எமனாகலாம். எழுந்து நடக்கவேண்டியவர் ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்கலாம். முதுகு வளையாமல் பலகையில் கிடத்தித் தூக்குவது எப்படி என்று கற்க அரை நாள் போதும். இதில் முப்பது வருஷம் ஏறியவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் வித்தியாசமே கிடையாது.

நாகர்கோவிலிலோ பொள்ளாச்சியிலோ விழுந்தால் ஒரு மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. ஹட் பேயில் விழுந்தவர் கப்பலுக்கோ ஹெலிகாப்டருக்கோ காத்திருக்கவேண்டும். டிக்லிபூரில் விழுந்தவரைத் தலைநகருக்கு—2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு—கொண்டுவர நாளில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே மருத்துவர் கைக்குப் போகும்வரை கூட இருப்பவர் என்ன செய்கிறார் என்பதே பல சமயம் முடிவைத் தீர்மானிக்கும். முதலுதவி மறுபயிற்சி வேறெங்கும்விடத் தீவில்தான் அதிகம் தேவை.

மற்ற தொழில்களில்

இது மரக்காரரை மட்டும் குறிவைத்த அவமதிப்பு என்று நினைக்கவேண்டியதில்லை. தீவுக் கப்பல்களில் வேலை பார்க்கும் தமிழ் மாலுமிகளைக் கேட்டால் தெரியும். கடலில் தப்புவது, தீயணைப்பது போன்ற பாதுகாப்புப் பயிற்சிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர்கள் புதுப்பிக்கவேண்டும். 2010-இல் மணிலாவில் திருத்தப்பட்ட சர்வதேச ஒப்பந்தத்தின் விதி அது. நாற்பது வருஷம் கடலில் கிடந்த போசனுக்கும் விலக்கில்லை. பெட்ரோல், கேஸ் லாரி ஓட்டுபவர் லைசென்ஸ் புதுப்பிக்க ஒருநாள் நினைவூட்டல் வகுப்பில் உட்காரவேண்டும். லாரி ஓட்டத் தெரியாது என்று யாரும் அவரைச் சொல்வதில்லை. தினமும் நடக்காத ஒன்று நடக்கும்போது கை தானாக இயங்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த வகுப்பு.

பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் சங்கிலி ரம்பம் பிடிப்பவர்களுக்குச் சொல்லியிருக்கும் யோசனையும் கவனிக்கத்தக்கது. எப்போதாவது பிடிப்பவருக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சி; அதே வேலையாக இருப்பவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. முழுநேரத் தொழிலாளியின் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்து அவருக்கு நீண்ட தவணை வைத்திருக்கிறார்கள். ஆனால் வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. தவறினால் சான்றிதழ் ரத்து என்ற கட்டளையாகவும் அது இல்லை. இந்த நிதானம் இங்கேயும் வேண்டும்.

கூலி யார் தருவது?

இனி மறுபக்கம். மறுபயிற்சி வேண்டும் என்று எழுதிவிடுவது சுலபம். அதைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிடுவது அதைவிடச் சுலபம்.

ஆபீசில் குமாஸ்தாவைப் பயிற்சிக்கு அனுப்பினால் அது வேலை நாள். சம்பளம் வரும், பிரயாணப்படி வரும், மத்தியானச் சாப்பாடும் வரும். தினக்கூலி மஸ்தூருக்கோ, மரத்துக்கு இவ்வளவு என்று பேசி ஏறுபவருக்கோ ஒருநாள் வகுப்பு என்றால் ஒருநாள் கூலி போயிற்று. நீல் தீவிலிருந்தோ ரங்கத்திலிருந்தோ தலைநகருக்கு வரவேண்டுமானால் மூன்று நாள் போயிற்று, கப்பல் கட்டணமும் போயிற்று. இந்த நிலையில் "சான்றிதழைப் புதுப்பிக்காதவருக்கு வேலை இல்லை" என்று டெண்டரில் ஒரு ஷரத்தைச் சேர்த்தால் என்ன ஆகும்? காண்டிராக்டர் நான்கு சான்றிதழ்களின் நகலைக் கோப்பில் வைப்பார், மரத்தில் ஏறுபவர் வேறு யாராகவோ இருப்பார். இலாகா கோப்புகளைக் கையாளும் தமிழ்க் குமாஸ்தாக்கள் பலருக்கு இந்த வித்தை புதிதல்ல.

ஆகவே வகுப்பு தொழிலாளி இருக்கும் தீவுக்கு வரவேண்டும். அன்றைய கூலியை வேலை கொடுப்பவர் தரவேண்டும். வேலை கொடுப்பவர் என்று ஒருவர் இல்லாத தோப்புத் தொழிலாளிக்குத் தென்னை வளர்ச்சி வாரியமோ தீவு நிர்வாகமோ தரவேண்டும். பாடம் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் நடக்கவேண்டும். எழுத்துப் பரீட்சை கூடாது. கைநாட்டு வைப்பவர் முடிச்சுப் போடுவதில் பட்டதாரியைவிடக் கெட்டிக்காரராக இருப்பார். அவர் தோற்கவேண்டியது முடிச்சில்தான், காகிதத்தில் அல்ல.

இந்த எதிர்ப்புக்குள் வெளியே சொல்லாத ஓர் அச்சமும் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவரை வீட்டுக்கு அனுப்ப இது ஒரு சாக்கு என்பதே அது. அந்த அச்சம் வீண் என்று சொல்லிவிட முடியாது. கண் மங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, உச்சியில் தலை சுற்றுகிறது என்பதெல்லாம் ஏறுபவருக்கே தெரியும். தெரிந்தாலும் வீட்டில் சொல்லமாட்டார், சொன்னால் மறுநாள் கூலி கிடையாது. மறுபயிற்சி நாளில் இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல், உடல் பரிசோதனையைத் தனியாகவும் ரகசியமாகவும் வைப்பதே மரியாதை. ஏற முடியாதவருக்கு இறங்கியபின் ஒரு வேலையும் வேண்டும். அந்த வேலை கண்ணெதிரே இருக்கிறது. சொல்லிக் கொடுக்க அவரைவிட்டால் யார்? சட்டை மடிப்புக் கலையாதவர் படம் போடட்டும், வேண்டாம் என்பார் இல்லை. மரத்தடியில் நின்று "பிடியை மாற்று" என்று சொல்பவர் அந்தப் பழைய கையாக இருந்தால் எதிர்ப்பில் பாதி கரைந்துவிடும்.

இருபுறமும் கூரான காகிதம்

சான்றிதழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தொழிலாளி அதை அறிந்திருப்பது நல்லது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பனையேறுபவரையும் மரம் வெட்டுபவரையும் பெயர் சொல்லித் தன் அட்டவணையில் சேர்த்திருந்தது. அந்தக் காலத்திலேயே இந்த வேலையின் ஆபத்து சட்டத்துக்குத் தெரிந்திருந்தது என்று பொருள். அதே சட்டத்தில் முதலாளிக்கு ஒரு கதவும் இருந்தது. சாவோ, முழுமையான நிரந்தர ஊனமோ ஏற்படாத காயங்களில், பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியதாலோ, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலோ விபத்து நேர்ந்தது என்று காட்டினால் இழப்பீடு தரவேண்டியதில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கதவு அப்படியே இருக்கிறது.

இப்போது யோசித்துப் பார்க்கலாம். பயிற்சி எடுத்ததாகக் கையெழுத்துப் போட்டவர், பட்டை கொடுத்ததாகவும் கையெழுத்துப் போட்டவர், பட்டை போடாமல் ஏறிக் கால் முறிந்தால், அந்தச் சான்றிதழையே அவருக்கு எதிராக நீட்ட முடியும். "தெரிந்தே செய்தார்" என்பார்கள். அதற்காகப் பயிற்சிக்கே போகாமல் இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. காலும் போய் காசும் போவதைவிடக் கால் முறியாமல் இருப்பதே மேல். பட்டை பழசாகி நைந்திருந்தால், கருவியில் ஆணி கழன்றிருந்தால், மழையில் ஏறச் சொன்னால், "முடியாது" என்று சொல்லும் உரிமையும் அந்த வகுப்பிலேயே கற்பிக்கப்படவேண்டும். காண்டிராக்டரும் மேஸ்திரியும் அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்கவேண்டும். தொழிலாளிக்கு மட்டும் நடத்தும் பாதுகாப்பு வகுப்பு பழியை இடம் மாற்றுவதற்கே உதவும்.

காப்பீட்டையும் இங்கே சொல்லவேண்டும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீட்டில் பிரீமியத்தின் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது. ஏறுபவர் சிறு பங்கைக் கட்டி ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். சங்கடம் என்னவென்றால், தேதி மறந்துபோகிறது. விழுந்தபின் பெட்டியைத் திறந்து பார்த்தால் போன வருஷத்துக் காகிதம் கிடக்கும். மறுபயிற்சி நாளையும் காப்பீடு புதுப்பிக்கும் நாளையும் ஒன்றாக வைத்தால் வருகிறவருக்குக் கையில் ஒரு பலனோடு திரும்பலாம். நாலு பேர் வருவதற்கு அதுவே காரணமாகவும் அமையும். தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் வேறொன்றும் செய்யவேண்டாம். தத்தம் தீவில் ஏறுபவர்களின் பட்டியலை எழுதி, காப்பீடு முடியும் தேதியைக் குறித்து, பத்து நாள் முன்னால் ஆள் அனுப்பிச் சொன்னால் போதும். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கும் குமாஸ்தா ஒருவரால் முடிகிற காரியம்.

வகுப்பு எப்போது நடக்கவேண்டும் என்பதில் மட்டும் ஆபீஸ் வழக்கத்தை நம்பக்கூடாது. பயிற்சிக்கென்று வெயில் காயும் பிப்ரவரியையோ மார்ச்சையோதான் தேர்ந்தெடுப்பார்கள், வருபவர்களுக்கும் அது சௌகரியம். ஆனால் இந்தத் தீவுகளில் மே முதல் டிசம்பர் வரை மரம் ஈரமாகத்தான் இருக்கிறது. பாசி படிந்த அடிமரத்தில், நனைந்த கயிற்றோடு, ரப்பர் பட்டை வழுக்கும் கருவியில் ஏறுவதுதான் வருஷத்தின் பெரும்பகுதி வேலை. ஒருநாளில் பாதியையாவது அப்படிப்பட்ட ஒரு மரத்தின் அடியில் நடத்தவேண்டும்.